உள்ளே கத்தரி, வெளியே கீரை

1

என் மனைவி மணி கப்பலேறி இந்த மாசியோடு ஒரு வருஷமாகிறது. நானும் மகளும் இப்போது அம்பத்தூரில் ஓர் இரண்டாம் மாடி அறையில் இருக்கிறோம். மண் என்று சொல்ல இங்கே ஒரு பிடி கூடக் கிடையாது. தை பிறந்துவிட்டால் எதையாவது ஊறப்போடாமல் என் கை சும்மா இராது. இந்தத் தையில் எதுவும் ஊறப்போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இதை வாசிக்கிற பழைய தோட்டக்காரர்கள் சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். சைக்கிள் கரியரில் விதைப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த விவசாயப் போதனாசிரியர் நான். மிளகாய் நாற்றுமேடைக்கு வைக்கோலைப் பரப்பி எரித்துவிட்டுத்தான் விதை போடவேண்டும் என்று உங்களோடு வாதாடியவன். நாற்றுக்கு எத்தனை நாள் நிழல், எத்தனையாம் நாள் வெயில் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தவன்.

எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறினோம். மகள் சுகந்திக்கு அப்போது பதினொரு வயசு. மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம் என்றுதான் நினைத்தோம். தெரிந்த ஒருவர் மூலமாகத் திருநின்றவூரில் வாடகை குறைந்த வீடு ஒன்று கிடைத்தது. ஏரிக்கரையிலிருந்து நாலு வீதி தள்ளி, பாதி கட்டி முடித்த வீடு. பின்னால் வேலி அடைக்காத வெறும் நிலம். வந்த மறுவாரமே அங்கே ஒரு பாத்தி கொத்தினேன்.

மணி கேட்டாள். "என்ன போடப் போறியள்?"

"கீரை. இருவத்தைஞ்சு நாளில பிடுங்கலாம்."

"அப்ப சரி."

ஏழு வருஷமாக அந்த நிலத்தில் கீரையும் வெண்டியும்தான். இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கிற எதையும் நாங்கள் போட்டதில்லை. அதைப்பற்றிக் கதைத்ததுமில்லை.

2

தொண்ணூறில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி படகில் வந்து சேர்ந்தாள். எங்களைத் தேடி வந்து சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை மணியின் கையில் கொடுத்தாள். தின்னவேலிக் கத்தரி விதை. வீட்டை விட்டு ஓடும்போது அடுப்படியில் தொங்கிய விதைமுடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்காக எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணி அதைப் பால்மாப் பேணியில் போட்டு மூடி அலுமாரியில் வைத்தாள்.

போன வருஷம் தை மாதத்தில் அந்தப் பேணியை நான் எடுத்தேன்.

அதற்கு முந்தைய வருஷத்தில் இரண்டு காரியம் நடந்திருந்தது. மே மாதத்தில் நடந்த முன்னாள் பிரதமரின் கொலை உங்களுக்குத் தெரியும். அது நடந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதன்பின் எங்கள் பேச்சே எங்களுக்கு எதிரியானது. இரண்டாவது, சுகந்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். விவசாயக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அகதிப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தத் தாளை அவள் நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, தெருவில் இரண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்த அம்பத்தூர் துணிக் கம்பெனிக்குப் போய் வேலை கேட்டாள். சட்டைக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

அவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன முதல் நாள், இனி எங்களுக்கு இந்த ஊர்தான் என்று எனக்குப் பட்டது. அதை மணியிடம் சொல்லத் துணிவில்லை. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கத்தரி விதையைத் துணியில் கட்டி வெந்நீரில் ஊறப்போட்டேன்.

மணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது எப்ப காய்க்கும்?"

"சித்திரை கடைசி. இல்லாட்டி வைகாசி."

"வைகாசியில நாங்கள் எங்க இருப்பம்?"

"இஞ்சதானே இருப்பம், மணி."

அவள் அடுத்த நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பழைய பாத்தியைக் கொத்தி, முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினாள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கக் குருணை அரிசியைப் பாத்தியைச் சுற்றிப் போட்டாள். நான் சொல்லிக் கொடுத்த வேலைதான். அன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் தனியாகச் செய்தாள்.

அன்று தொடங்கி வீட்டுக்குள் என் கத்தரி, வெளியே அவளுடைய கீரை.

3

தையில் இங்கே காலைப்பனி ஊரைவிடக் கொஞ்சம் கடுமை. கத்தரி விதை குளிருக்குச் சோம்பும். பழைய விதை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் உள்ளே வைத்து முளைக்கவைக்கப் பார்த்தேன். பிஸ்கட் தகரம் ஒன்றின் அடியில் ஆணியால் துளை போட்டேன். ஏரி வண்டலும் மக்கின சாணமும் சலித்து நிரப்பினேன். நாற்று அழுகாமலிருக்கக் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டேன். விதையைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, குசினியில் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேலிருந்த தட்டில் வைத்தேன். சமைக்கிற சூடு போதும்.

பக்கத்து வீட்டுச் சரோஜா ஏரிக்கரையில் கால் காணியில் கீரை போட்டுத் தலைச்சுமையாக விற்கிறவள். எங்களோடு ஏழு வருஷமும் பழக்கம். அவள் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மண்ணத் தூக்கி அடுப்பு மேல வெச்சிகினு கீற? மொளைக்கறதுக்கு வெயில் வாணாவா?"

"முளைக்கிறதுக்குச் சூடு காணும். முளைச்சாப் பிறகுதான் வெயில்."

"காணுமா? எது காணோம்?"

மணி உள்ளேயிருந்து சிரித்தாள். காணும் என்றால் எங்களுக்குப் போதும். இங்கே அது தொலைந்துபோவது. இந்த மாதிரித் தடுக்கல் எங்களுக்கு ஆயிரம் நடந்திருக்கிறது. முதல் வருஷம் கடைக்குப் போய்ப் பசளை வேணும் என்று கேட்டேன். கடைக்காரர் பசலைக்கீரைக்கு மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னார். உரம் என்று கேட்கவேண்டும் என்று தெரிய ஒரு வாரம் பிடித்தது. அப்போது அது வேடிக்கை. ஊருக்குக் கடிதத்தில் எழுதிச் சிரிக்கிற சங்கதி.

மே மாதத்துக்குப் பிறகு அது வேடிக்கையாக இல்லை. டார்ச் லைட்டில் போடுகிற பாட்டரிக் கட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. அம்பத்தூர் வரைக்கும் ரயில். அந்த ரயிலில் நான் வாய் திறப்பதை விட்டுவிட்டேன். இடம் கேட்க வேண்டுமென்றால் கையைக் காட்டுவேன்.

மாசி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் மாலை நானும் சுகந்தியும் ஒரே ரயிலில் திரும்பி வந்தோம். எதிரெதிர் சீட். அவள் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். அவர் சுகந்தியோடு பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா உனுக்கு?"

"ஆவடிங்க. குவார்ட்டர்ஸ்ல கீறோம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு தயக்கமில்லை. அந்த அம்மாளின் பேச்சை அப்படியே அந்த அம்மாளுக்குத் திருப்பிக் கொடுத்தாள். நைனா எங்கே வேலை என்று அவர் கேட்க, தொழிற்சாலையில் என்றாள். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"டைம் இன்னா ஆவுது, பெரியவரே?"

நான் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சுகந்தியிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"பாவம், வாய் பேச வராது போல."

சுகந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஆவடிக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். திருநின்றவூரில் அவள் முதலில் இறங்கினாள். பத்தடி பின்னால் நான். கேட்டைத் தாண்டிய பிறகுதான் நின்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கப்பா."

"இல்லை பிள்ளை. நீ செய்தது சரி."

சரிதான். ஆனாலும் வீடு வந்து சேரும் வரைக்கும் நான் அந்தப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

அன்றைக்குத் தகரத்தில் முளைகள் வந்திருந்தன. நாற்பது விதைக்குப் பதினொன்று.

4

மாதம் ஒரு தடவை காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிவில் கையெழுத்துப் போடவேண்டும். எங்களுடைய புத்தகத்தை வைத்திருக்கிற ஏட்டய்யா நல்ல மனுசன். தொழில் என்ற இடத்தில் நான் சொன்ன போதனாசிரியரை முதல் வருஷம் யாரோ ஆசிரியர் என்று சுருக்கியிருந்ததால், அவர் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

மாசி முதல் வாரம் போனபோது அவர் மூன்று தாள்களை எடுத்து வைத்தார்.

"வாத்தியாரே, இத்த எல்லாருக்கும் குடுக்கச் சொல்லிக்கீறாங்க. ஊருக்குத் திரும்பிப் போறவங்களுக்கு. கப்பல் ஏற்பாடு ஆவுது."

"இது கட்டாயமோ?"

"இல்ல. விருப்பம்னுதான் போட்டுக்கீது. இங்கிலீஷ்ல கீது, படிச்சுப் பாரு. பதினெட்டு ஆனவங்களுக்குத் தனித்தனித் தாளு." அவர் கொஞ்சம் நிறுத்தி, பிறகு சொன்னார். "இந்த மாசம் போடலன்னா அடுத்த மாசமும் கேப்பாங்க. நான் கேக்கலன்னாலும் வேற ஆளு கேப்பான். அதையும் சொல்லிடறேன்."

சுகந்திக்குப் பதினெட்டு நிறைந்து இருபது நாள்.

அதே வாரத்தில் வீட்டுக்காரரும் வந்தார். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குவார்ட்டர்ஸில் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு வந்து இருக்கலாம் என்று கட்டிய வீடு இது. திருநெல்வேலிக்காரர். நான் தின்னவேலிக் கத்தரி என்றதும் முகம் மலர்ந்து எங்கூர்க் கத்தரியா அண்ணாச்சி என்று கேட்டு, யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருப்பதை நம்பாமல் போனவர். அன்றைக்குத் தகரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உங்களப் போகச் சொல்லுதேன்னு நினைச்சிராதீங்க அண்ணாச்சி. நான் சர்க்கார் உத்தியோகத்துல இருக்கேன். எவனாவது ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டான்னா எனக்கு வேலை போயிரும். பங்குனிக்குள்ள பாத்துக்கிடுங்க."

மணி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் மணி ஏட்டய்யா கொடுத்த தாள்களை எடுத்தாள். பேனாவைக் கேட்டாள். அவளுடைய தங்கை ரஞ்சி ஊரில் தனியாக இருக்கிறாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. கால் இரண்டும் வீங்கி எழும்பி நடக்க முடியவில்லை என்று ஐப்பசியில் கடிதம் வந்திருந்தது. தாய் இறந்தபோது ரஞ்சிக்கு மூன்று வயசு. அவளுக்குச் சீப்பெடுத்துத் தலை இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, கலியாணம் செய்து வைத்ததெல்லாம் மணிதான். மணி கையெழுத்தைப் போட்டுவிட்டு மற்ற இரண்டு தாள்களையும் எங்கள் பக்கம் தள்ளினாள்.

சுகந்தி தொடவில்லை.

"நான் வரலம்மா."

"உன்ர ஊரடி அது."

"எனக்கு அங்க யாரத் தெரியும்?"

"சின்னம்மா இருக்கிறா."

"சின்னம்மாவ எனக்குப் போட்டோலதாம்மா தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "அங்க போய் நான் இன்னா பண்ணுவேன்? இங்க பேசற மாதிரி அங்க பேசினா என்ன யாருன்னு கேப்பாங்க. இங்க இப்பத்தான் யாரும் கேக்காம இருக்காங்க."

மணி என்னைப் பார்த்தாள்.

"பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி வாறது, மணி? நீர் கொஞ்சம் பொறும். பாதையெல்லாம் சரிவரட்டும். பிறகு மூண்டு பேருமாப் போவம்."

"பிள்ளையைச் சாட்டாதேங்கோ." அவள் ஜன்னலோரம் இருந்த தகரத்தைக் காட்டினாள். "நீங்கள் தையிலயே முடிவெடுத்திட்டியள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."



5

நாற்றுகள் நாலிலை விட்டிருந்தன. முளைத்ததில் இரண்டு அடித்தண்டு அழுகிச் சாய்ந்து ஒன்பது மிச்சம். இந்தப் பருவத்தில் அவற்றை வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று வெயிலில் வைத்து, சூடேறுவதற்குள் உள்ளே எடுத்துவிடவேண்டும். மாசி வெயில் காலையில் இதமாக இருந்து பத்து மணிக்கு மேல் பல்லைக் காட்டிவிடும். காலையில் வெளியே வைப்பேன். நான் வேலைக்குப் போனபின் மணி உள்ளே எடுத்துவைப்பாள். என்னோடு அதிகம் கதைக்காத அந்த நாட்களிலும் அதை மட்டும் அவள் தவறவிடவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.

மாசி நடுவில் நாள் குறித்துத் தகவல் வந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் மணி கீரைப் பாத்தி முழுவதையும் பிடுங்கினாள். மண்ணை உதறி, வாழைநாரால் பிடி பிடியாகக் கட்டினாள். சரோஜா வேலியோரம் வந்து நின்றாள்.

"யக்கா, இம்மாம் கீரையையும் ஏன் புடுங்கற? நைனாவும் பொண்ணும் துன்ன வாணாவா?"

"அவைக்கு ஒரு பிடி வைச்சிருக்கிறன். மிச்சம் நீ கொண்டுபோய் வில்லு."

"எப்பக்கா வருவ?"

மணி கீரைக்கட்டை அவள் கூடையில் வைத்தாள். சரோஜா அழ ஆரம்பித்தாள். மணி அழவில்லை.

திரும்பிப் போகிறவர்களை ஓரிடத்தில் சேர்த்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் தனியாக ரயிலேறி ராமேஸ்வரம் போனேன். கப்பலேற்றுகிற இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் மணி, கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. ஒரு தாளை நீட்டி எதையோ கேட்டார்கள், தலையாட்டினாள். திரும்பி என்னைத் தேடிப் பார்த்தாள். கண்டதும், சாப்பிட்டீர்களா என்று சைகையில் கேட்டாள். நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

போகவும் வரவும் நாலு நாள். புறப்படுகிறபோது சுகந்தியிடம் தகரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனேன். காலையில் வெளியே வை, வேலைக்குப் போகும்போது உள்ளே எடுத்துவிடு, இரண்டு கை தண்ணீர் தெளி.

நான் திரும்பியபோது தகரம் பின்வாசலில் நடுவெயிலில் இருந்தது. மண் தகரத்தின் ஓரத்தைவிட்டு விலகி வெடித்திருந்தது. ஒன்பதும் கரிந்து ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. தண்ணீரில் இறக்கி நிழலில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் இதே தொழில் செய்தவனுக்குத் தெரியும், தண்டு சுருங்கினால் பிறகு எழும்பாது. தெரிந்தும் இரண்டு நாள் வைத்திருந்தேன். விதை பழசு என்று முழுவதையும் போட்டிருந்தேன். பேணியில் மிச்சமில்லை.

சுகந்தி வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"முதல் நாள் வெளிய வெச்சேன்பா. அப்புறம் மறந்துட்டேன். ஓவர்டைம் போட்டாங்க. வந்ததும் தூங்கிட்டேன்."

"சரி பிள்ளை."

"திட்டுங்கப்பா."

"ஏன் உன்னைப் பேசவேணும்? போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். அம்மா போனதற்கு அவள் அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பங்குனியில் வீட்டைக் காலி செய்தோம்.

6

மணியின் கடிதம் ஆனியில் பழைய வீட்டு முகவரிக்கு வந்தது; சரோஜா வாங்கி வைத்திருந்து கொடுத்தாள். யாரோ கையில் கொழும்புக்குப் போய், அங்கே தபாலில் போட்டது. மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். வகுப்பறைக்கு ஐந்து குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைப்பு. ஊருக்குப் பாதை இன்னும் திறக்கவில்லை. ரஞ்சியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் இருக்கிறாளா என்று கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. ஊரிலிருந்து புறப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்கள் கூட, நீ ஏன் திரும்பி வந்தாய் என்றுதான் கேட்கிறார்களாம்.

கடைசியில் எழுதியிருந்தாள். "நீங்கள் வரவேண்டாம். பிள்ளையையும் வரவிடாதேங்கோ. நான் செய்தது பிழை எண்டு சொல்லேல்லை. வைகாசி முடிஞ்சுது, கத்தரி காய்ச்சதோ? எழுதுங்கோ."

மூன்று நாள் நான் பதில் எழுதவில்லை. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எழுதினேன். வீடு மாறியதை எழுதவில்லை. கத்தரி நன்றாக நிற்கிறது, ஊதாக் காய் பளபளவென்று தொங்குகிறது, சரோஜாவுக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுத்தோம், அடுத்த வருஷத்துக்கு ஒரு காயைப் பழுக்கவிட்டிருக்கிறேன் என்று எழுதினேன். எழுத எழுத எனக்கு எல்லாம் தெளிவாக வந்தது. எந்தச் செடியில் எத்தனை காய் என்றுகூட எழுதிவிட்டேன்.

சுகந்தி தலை துவட்டிக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். முழுவதையும் வாசித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை என் விரலிலிருந்து எடுத்து, கடைசி வரிக்குக் கீழே குனிந்து எழுதினாள்.

"அம்மா, செடிக்கு நான்தான் தினமும் தண்ணி ஊத்தறேன்."

ஊத்தறேன் என்று அவள் எழுதியதை மணி வாசித்து என்ன நினைப்பாள் என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கள் வீட்டில் தண்ணி விடுகிறேன் என்றுதான் எழுதவேண்டும். அடித்துத் திருத்தவில்லை. உறையில் போட்டு ஒட்டி, அவளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா தெரியாது. எட்டு மாதமாகிறது, பதில் இல்லை.